செவ்வாய், வெள்ளிகளில் நின்ற கற்றை

கதிர்க்கற்றை நின்றுவிட்டது என்பதை முதலில் சொல்வது திரையல்ல, காதுதான். மெஷின் ஓடும்போது கட்டுப்பாட்டு அறையில் சீரான ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். துணி வைக்காமல் ஓட்டும் தையல் மெஷினைப்போல. அது நடுவில் அறுந்தால் அறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குவோம். சிவப்பு எழுத்துகள் அதற்குப் பிறகுதான் திரையில் வரும்.

ஈப்போவில் ஒரு புற்றுநோய்ச் சிகிச்சை மையத்தில் மருத்துவ இயற்பியலாளராக வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல இன்னும் பழகவில்லை. செமோரில் இருக்கும் அம்மா அந்தச் சிரமமே வைத்துக்கொள்வதில்லை. "ஆஸ்பத்திரியில கரண்டு வேல" என்று முடித்துவிடுகிறார். அது முழுப் பொய்யும் இல்லை. எங்கள் மெஷின் ஒரு துகள் முடுக்கி. எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டுபோய் ஓர் உலோகத் துண்டில் மோதவிடும். அந்த மோதலில் பிறக்கும் கதிரைத்தான் கட்டியின்மேல் செலுத்துகிறோம். கதிர் போகும் வழியை வெட்டி வடிவம் கொடுப்பவை மெஷினின் தலைக்குள் இருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய உலோக இதழ்கள். ஒவ்வோர் இதழின் மேலும் கடுகைவிடச் சிறிய ஒரு சிவப்புக் கல் பதித்திருக்கும். உள்ளே ஒரு கேமரா அந்தக் கற்களை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு கல் கண்ணுக்குத் தெரியாமல் போனாலும், அந்த இதழ் எங்கே நிற்கிறது என்று உறுதியாகத் தெரியாததால், கற்றை உடனே நின்றுவிடும். ஆள் படுத்திருக்கும்போது மெஷின் குத்துமதிப்பாக வேலை செய்யக்கூடாது அல்லவா?

பட்டியல் போடுவது எனக்கு வீட்டிலிருந்து வந்த பழக்கம். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். காலைப் பெரட்டில் நின்று ஆட்களின் பெயரைக் கூப்பிட்டவர். தோட்டம் கைமாறி, பால்மரம் எல்லாம் போய், வீடுகள் வரிசையாக எழும்பித் தாமான் ஆன பிறகும் அவருக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. வெளியூர் கிளம்பினால், காடியில் ஏறிய எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் வண்டியை எடுப்பார். நாங்கள் மொத்தம் மூன்று பேர்.

அதனால் மையத்தில் சேர்ந்ததும் நான் செய்த முதல் வேலை, சிகிச்சை அறைக்குள் என்னென்ன வரக்கூடாது என்று ஒரு பட்டியல் அடித்து, மும்மொழியிலும் அச்சிட்டு, கதவில் ஒட்டியது. சங்கிலி, தோடு, கொண்டை ஊசி, பொய்ப்பல், காது மெஷின், தலைவலித் தைலம். ஆறு. அதைப் பார்த்து முதலில் சிரித்தது, நோயாளிகளைப் படுக்கவைத்து மெஷினை இயக்கும் அக்கா. புந்தோங்கில் பிறந்து வளர்ந்தவர். அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். முகத்தில் பவுடர் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை, ஒரு நாளைத் தவிர. அந்த நாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"கொண்டையே இல்லாத ஆம்பளைக்கும் கொண்ட ஊசியாம்மா?" என்றார்.

"மறந்து போகக்கூடாதுன்னுதான் அக்கா."

"நீ கல்யாணம் பண்ணா மாப்பிள்ளைக்கும் கதவுல ஒட்டுவலா."

இந்தச் சமயத்தில்தான் பாகான் டத்தோவிலிருந்து அந்த அங்கிள் வந்தார். அறுபதை ஒட்டிய வயது. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். இப்போது இரண்டு ஏக்கர் தென்னையோடு இருக்கிறார். தொண்டையில் கட்டி. முப்பத்தைந்து முறை வர வேண்டும், வாரத்தில் ஐந்து நாள். வாரத்தின் ஐந்து நாளும் மகன் ஓட்ட, முன் சீட்டில் அவரும் பின் சீட்டில் அவருடைய மனைவி, எங்களுக்கு ஆண்ட்டியும் வந்து இறங்குவார்கள். மகன் வண்டியை ஓட்டும் விதத்தைப் பற்றி அவரிடம் தினமும் ஒரு புகார் இருக்கும்.

தொண்டைக்கும் தலைக்கும் கதிர் கொடுக்கும்போது ஆள் அசையக்கூடாது. அதற்காக, சூடுபடுத்தி இளக்கிய ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் அழுத்தி, அந்த முகத்தின் அச்சிலேயே முகமூடி செய்வோம். தினமும் அதை மாட்டிப் படுக்கையோடு பூட்டிவிடுவோம். பிறகு எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். நாலு நிமிடம்தான். ஆனால் பூட்டிய முகமூடிக்குள் தனியாக இருப்பவருக்கு நாலு நிமிடம் எவ்வளவு நீளம் என்று என் பட்டியல் எதிலும் இல்லை.

முதல் நாள் அவர் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். ஆண்ட்டி கதவில் ஒட்டியிருந்த பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, இதுல திருநீறு போடலையே. அவருக்குப் பூசி விடலாமா? அது இல்லாம உள்ள போமாட்டேங்குறாரு."

நான் யோசித்தேன். மெய்யாகவே மனக்கணக்குப் போட்டேன். நெற்றியில் மெல்லிய பூச்சு; தாள் கனம்கூட இல்லை; கதிரின் அளவை அது மாற்றாது. "தாராளமா பூசுங்க ஆண்ட்டி. ஒன்னும் ஆவாது" என்றேன். கணக்கு சரிதான். நோயாளியையும் கதிரையும் மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது.

முகமூடிக்குள் பேச முடியாது என்பதால் ஒவ்வொருவரோடும் ஒரு சைகை வைத்துக்கொள்வோம். கையை உயர்த்தினால் நிறுத்து, வெளியே எடு. தயார் என்றால் கட்டை விரல். அங்கிளுக்குக் கட்டை விரல் பிடிக்கவில்லை. உள்ளங்கையால் படுக்கையின் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டினார். டப், டப்.

"அந்தக் காலத்துல கண்டக்டரு இப்படித்தான் தட்டுவாரு. ரெண்டு தட்டுனா போலாம்" என்றார் அக்காவிடம்.

"அப்ப இனிமே நான் டிரைவர், நீங்க கண்டக்டர், சரியாண்ணே?"

"ஒனக்கு லைசன் இருக்கா?"

மூன்று நாளில் அவருடைய ரகசியத்தையும் சொல்லிவிட்டார். உள்ளே படுத்திருக்கும்போது கண்ணை மூடி பஸ் ஓட்டுகிறாராம். பாகான் டத்தோவில் எடுத்து, உத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான், லங்காப், கம்பார். மெஷின் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும்போது வண்டி கோப்பேங் தாண்டியிருக்கும். "ஈப்போ ஸ்டாண்டுல பார்க் பண்றதுக்குள்ள நீங்க வந்து தொறந்துருறீங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இரண்டாவது வாரத்துச் செவ்வாய்க்கிழமை, அவருக்குப் பிறகு படுத்த ஒரு சீனப் பாட்டிக்கு நடுவில் கற்றை நின்றது. இதழ் ஒன்று தெரியவில்லை என்று திரை சொன்னது. பிழையை அழித்துவிட்டு மறுபடி ஓட்டியதும் ஓடியது. குறித்துக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை மூன்று தடவை நின்றது. அதில் ஒன்று அங்கிள் படுத்திருந்தபோது.

திரையில் அவருடைய கை மேலே போனது. அக்கா ஓடிப்போய் முகமூடியைத் திறந்தார். அவர் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினார். குரல் அதற்குள் பாதி போய்விட்டிருந்தது. கதிர் தொண்டையைப் புண்ணாக்கும் வாரம் அது.

"லங்காப்புல நின்னுடுச்சி" என்றார்.

தண்ணீர் கொடுத்து, ஆறவைத்து, மீதியை முடித்தோம்.

அன்று நோட்டைத் திறந்து சந்தேகப் பட்டியல் போட்டேன். கேமராவின் கண்ணை மறைப்பது அநேகமாகத் தூசி. ஆனால் எந்தத் தூசி? சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவில் இருக்கும் ஊர் இது. செமோர் பக்கம் குவாரி லோரி ஒன்று போனால் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். ஆகவே ஒன்று, குவாரித் தூள். இரண்டு, பக்கத்து அறையில் கூரைப் பலகை மாற்றுகிறார்கள். மூன்று, புதுப் போர்வையின் பஞ்சு. நான்கு, ஏர்கோன் வடிகட்டி. ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தேன். பலகை வேலையை நிறுத்தச் சொன்னேன். பழைய போர்வைக்குத் திரும்பினோம். வடிகட்டியை மாற்றினார்கள். திங்கள் முழுக்க மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. செவ்வாய் நின்றது.

நோட்டை மேசையில் திறந்தபடி வைத்துவிட்டுப் பசியாறப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்னா அஞ்சாவது? 'அக்காவின் பவுடர்'?"

"அக்கா, அது சும்மா எல்லாத்தையும் எழுதணும்னு…"

"பன்னெண்டு வருஷமா இந்த மூஞ்சிய வச்சி இங்க வேல செய்றேன். நேத்து வந்த மெஷினுக்கு என் பவுடர் ஆவலையா?"

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை பவுடர் இல்லாமல் வந்தார். நான் சொன்னேனே, அந்த ஒரு நாள். கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்து இரண்டு கையையும் விரித்தார்.

"நல்லா பாத்துக்க. பவுடர் இல்ல. என் மகன் காலையில என்னப் பாத்து யாருன்னு கேட்டான். இன்னிக்கு மெஷின் நிக்குதா இல்லையா பாப்போம்."

நின்றது. "பாத்தியா!" என்று எழுந்தே நின்றுவிட்டார் அக்கா. அடுத்த நொடி திரையைப் பார்த்து முகம் மாறியது. உள்ளே படுத்திருந்தவர் அங்கிள். கை மேலே போயிருந்தது.

அன்று முகமூடி கழன்றதும் அவர் எழுந்து, காலைக் கீழே தொங்கவிட்டு உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, காற்றாக வந்த குரலில் சொன்னார்.

"மெஷினுக்கு என்னப் புடிக்கலம்மா."

"அப்படியில்ல அங்கிள். வேற ஆளுக்கும் நிக்குது."

"நான் முப்பது வருஷம் காடி ஓட்டுனவன். எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஒரே ரூட்டுல வண்டி மூனு தடவ தானா நின்னா, அது போவாதேன்னு சொல்லுது. திருப்பிக்கிட்டு வந்துடணும். எனக்கு ரெண்டு ஆயிடுச்சி." இரண்டு விரலைக் காட்டினார். "இன்னும் ஒரு தடவ நின்னா நான் வீட்டுக்குப் போயிருவேன். கோவிச்சுக்காதீங்க."

அவர் மிரட்டவில்லை. நாளை மழை வரும் என்பதுபோலச் சொன்னார். பின்னால் ஆண்ட்டி, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

அன்றைய மீதியையும் சேர்த்துப் பதினைந்து முடிந்திருந்தது. இருபது பாக்கி. டாக்டரிடம் போனேன். கற்றை ஒரு நிமிடம் நின்று தொடர்ந்தால் சிகிச்சைக்கு ஒன்றும் குறையாது என்றார். ஆனால் பதினைந்தோடு விட்டுவிட்டால் கட்டி திரும்ப வளரும், அப்புறம் நாம் செய்ய அதிகம் இருக்காது என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதை அதிகம் பார்க்கவில்லை.

பல்கலைக்கழகத்தின் கடைசி ஆண்டில் கேட்ட ஒரு விரிவுரை அந்த வார இறுதியில் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. ஐரோப்பாவில் நிலத்துக்கு அடியில் வளையமாக ஓடும் மாபெரும் முடுக்கி ஒன்று இருக்கிறது. வெறுமையாக்கப்பட்ட குழாய், அதற்குள் கற்றை. அங்கேயும் திடீர் திடீரென்று கற்றையின் ஒரு துளி சிதறிக் காணாமல் போகும். காரணம், குழாயின் மேல்புறத்திலிருந்து உதிர்ந்து கற்றைக்குள் விழும் ஒரு தூசி. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் கிடையாது. சிதறல் எல்லையைத் தாண்டினால் பாதுகாப்புக்காக முழுக் கற்றையையும் வெளியே தள்ளிவிடுவார்கள். குழாய் முழுவதையும் துடைத்து முடிக்க முடியாது. ஆகவே எவ்வளவு சிதறலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று எல்லையைக் கொஞ்சம் தளர்த்திப் பழகினார்கள். ஓட ஓடத் தூசியும் தானாகக் குறைந்துவிடுமாம். அந்த விரிவுரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஊர் அளவு மெஷினை உப்புத் தூளைவிடச் சிறியது நிறுத்துகிறது என்பதில் ஏதோ ஒரு சந்தோஷம். இப்போது சந்தோஷப்பட முடியவில்லை. எங்கள் மெஷினில் எல்லையைத் தளர்த்த முடியாது. இங்கே கற்றைக்கு முன்னால் பஸ் ஓட்டிக்கொண்டு ஒருவர் படுத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை, அம்மா வீட்டில், நோட்டில் இருந்ததை எல்லாம் ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதினேன். தேதி, கிழமை, மணி, மெஷினின் தலை எந்தக் கோணத்தில் இருந்தது, யார் படுத்திருந்தார். அப்போதுதான் தெரிந்தது. எல்லாம் செவ்வாய், வெள்ளி. எல்லாம் காலை பதினொன்றுக்குப் பிறகு. எல்லாமே தலை படுக்கைக்கு அடியிலிருந்து மேலே ஏறும்போது.

அம்மா பக்கத்தில் வந்து தாளைப் பார்த்தார். "செவ்வா வெள்ளியா? மெஷின் வெரதம் இருக்கா?"

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அதை விட்டும்விட்டேன். ஏதோ லோரி வரும் நாளாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

திங்களன்று மாலை கோலாலம்பூரிலிருந்து மெஷின் நிறுவனத்தின் பொறியாளர் வந்து தலையைத் திறந்தார். சீனர், என் வயது, அதிகம் பேசாதவர். தலையின் வாயில் ஒரு மெல்லிய ஒளிபுகும் படலம் ஒட்டியிருக்கும். அதன் மூலையில் நகத்தளவு கிழிசல் இருந்தது. அதன் வழியாக உள்ளே போய், இதழ்களின் மேலும் கண்ணாடியின் ஓரத்திலும் வெளிர்ச் சாம்பல் நிறத்தில் ஒரு தூள் படிந்திருந்தது. சுண்ணாம்புக் கல் தூள், இந்த ஊரில் வேறென்ன, என்றார் அவர் மலாயில். வெள்ளைத் துணியில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

நான் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் அதைத் தேய்த்துப் பார்த்தேன். கல் தூள் நறநறவென்று இருக்கும். இது வழுக்கியது. கையை உதறப் போனேன், கை உதறவில்லை. விரலில் மீந்ததைக் கீழே தட்டக்கூடாது என்று அம்மா எத்தனையோ முறை அதட்டிய கை அது. தானாகக் கழுத்துப் பக்கம் போய்த் துடைத்துக்கொண்டது. என் கழுத்தில் இருந்த கை அப்படியே நின்றது. மூக்குக்குக் கொண்டுபோனேன். கோயில் வாசனை.

அக்காவைக் கூப்பிட்டேன். துணியைக் காட்டினேன். அவர் மோந்து பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"அலாமாக்" என்றார், விரலுக்குள்ளிருந்து.

"நெத்தியில பூசுறது இவ்வளவு வராதே அக்கா."

"நெத்தியில மட்டும் இல்லம்மா." அவர் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "அந்த அண்ணி பொட்டலம் குடுக்கும். செவ்வா வெள்ளி கோயிலுக்குப் போய்ட்டு வந்து புதுசு குடுக்கும், கை நெறைய. நான் அண்ணனுக்குப் பூசுவேன். மீதி வெரல்ல இருக்கும்ல? கீழ கொட்டக்கூடாது. சிங்குல கழுவக்கூடாது. நான் என்னா பண்றது? முகமூடியிலதான் தொடச்சிடுவேன். அவரு மேலயே இருக்கட்டுமேன்னு."

வெள்ளை முகமூடி, வெள்ளைத் தூள். யாருக்கும் தெரிந்திருக்காது. முகமூடியை மாட்டும்போதும் கழற்றும்போதும் அது வலையின் வழியாக உதிரும். மெஷினின் சுற்றுத் தொடங்குவதும் முடிவதும் படுக்கைக்கு அடியில், தலையின் வாய் மேலே பார்த்தபடி. அதற்குள் விழுந்துவிடும். தலை மேலே ஏறிக் கவிழும்போது உள்ளே கிடப்பது கேமராவின் கண்ணுக்கு முன்னால் உதிரும். பிறகு வரும் இரண்டு மூன்று பேருக்கும் மிச்சம் இருக்கும்.

"பவுடர்னு எழுதுனியே, திருநீறுன்னு எழுதத் தோணலையா ஒனக்கு?" என்றார் அக்கா. கோபமாக அல்ல.

தோன்றவில்லை. ஒன்றும் ஆகாது என்று சொன்னது நான். ஏற்கெனவே அனுமதித்ததைச் சந்தேகப் பட்டியலில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பொறியாளர் படலத்தை மாற்றினார், முடிந்தவரை துடைத்தார். எல்லாத் துகளும் வந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன் என்றார். இதழ்களின் இடுக்கில் இருப்பது சில நாள் ஓடினால்தான் உதிர்ந்து தீரும், அதுவரை ஒன்றிரண்டு முறை நிற்கலாம். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒன்றிரண்டு முறை நிற்க எங்களிடம் இடம் இல்லை.

"நீ ஒன்னும் சொல்லாதலா" என்றார் அக்கா. "புது ரூல், உள்ள திருநீறு கூடாதுன்னு மட்டும் சொல்லிடு. சாமி திருநீறுதான் மெஷின நிப்பாட்டுச்சின்னு அந்த அண்ணன் காதுல விழுந்துச்சி, இன்னிக்கே பாகான் டத்தோவுக்கு யூ-டர்ன்."

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. நோட்டில் நடுவில் கோடு போட்டேன். இந்தப் பக்கம் சொன்னால், அந்தப் பக்கம் சொல்லாவிட்டால். சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஐந்து வரி வந்தது, ஐந்தும் பயம். சொல்லாவிட்டால் என்பதற்கு ஒரே வரிதான் வந்தது: மூன்றாவது முறை நின்றால் அவரிடம் காரணம் இருக்காது, மெஷினுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை அவர்கள் வரும் நேரத்துக்கு நான் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். ஆண்ட்டி மடியில் புதுப் பொட்டலம் இருந்தது.

"பசியாறிட்டீங்களா ஆண்ட்டி?"

"ஆச்சும்மா. நீ?"

ஆச்சு என்று பொய் சொன்னேன். பிறகு மற்ற எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னேன். சிவப்புக் கற்கள், கேமரா, படலத்தின் கிழிசல், முகமூடியில் மீந்த தூள். அனுமதித்தது நான் என்பதையும் சொன்னேன். இன்றைக்கும் ஒருவேளை நிற்கலாம் என்பதையும்.

ஆண்ட்டியின் முகம் சுருங்கியது. "சாமி திருநீறு எப்படிம்மா மெஷினக் கெடுக்கும்?" என்றார். "நான் அவரு நல்லா வரணும்னுதானே…" பொட்டலத்தைக் கைப்பைக்குள் வைத்து, பையை மூடி, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

அங்கிள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று நினைத்து எழுந்தேன். சத்தம் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். வலித்திருக்கும், தொண்டையைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

"அப்ப ரேடியேட்டர்ல குப்ப" என்றார் காற்றுக் குரலில்.

"அப்படித்தான் அங்கிள்."

"நான் போட்ட குப்ப."

"நாங்க போட்டது."

"அத மொதல்லயே சொல்லியிருக்கணும்மா. குப்பைக்கு நின்னா அது கணக்குல வராது." ஆண்ட்டியின் பக்கம் திரும்பினார். "இந்தா, அத எடு."

"அதான் கூடாதுங்குறாங்களே!"

"பூசத்தானே கூடாது?" உள்ளங்கையை நீட்டினார்.

கையில் கதிர் படாது. நான் ஓடிப்போய், மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்ன ஜிப் பை ஒன்றைக் கொண்டுவந்தேன். ஆண்ட்டி பொட்டலத்தை அப்படியே அதற்குள் வைத்தார். மூடுவதற்குமுன் நான் வாங்கிப் பிரித்து, தாளில் ஸ்டேப்ளர் கம்பி இருக்கிறதா என்று பார்த்தேன். ஆண்ட்டி என்னை அப்போதும் பார்க்கவில்லை. ஆனால் அங்கிள் பார்த்து, "இது திருந்தாது" என்று, அவரைக் கூப்பிட வந்து நின்ற அக்காவிடம் கண்ணைக் காட்டினார்.

உள்ளே போனார்கள். அக்கா முகமூடியைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். பூட்டினார். போர்வைக்குள் அவருடைய வலது கை மூடியிருந்தது. இடது கையால் டப், டப். அக்கா வெளியே வந்து கதவைச் சாத்தி, விசையைத் திருகினார். இரைச்சல் தொடங்கியது.

உத்தான் மெலிந்தாங். தெலுக் இந்தான். நானும் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். தலை படுக்கைக்கு அடியிலிருந்து பக்கவாட்டில் ஏறி, மேலே வந்தது. லங்காப் தாண்டியது. அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

மேலேயிருந்து அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கும்போது இரைச்சல் அறுந்தது.

திரையில் சிவப்பு எழுத்து. இன்னொரு திரையில் அவர், வெள்ளை வலைக்குள், அசையாமல். மூன்றாவது. அக்கா கதவுப் பக்கம் ஓடத் தயாராக நின்றார். நான் அங்கிளின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது போர்வையிலிருந்து வெளியே வந்தது. மேலே போகவில்லை. படுக்கையின் ஓரத்தைத் தேடிப் பிடித்தது.

ஒலிபெருக்கியில் கேட்டது. டப், டப்.

"போலாம்ங்குறாரு" என்றார் அக்கா. "அழிச்சிட்டு ஓட்டுலா, வண்டி கம்பார்ல நிக்குது!"

பிழையை அழித்தேன். ஓடியது.

அந்த வாரம் இன்னும் ஒரு தடவை நின்றது, வேறொருவருக்கு. அதற்குப் பிறகு நிற்கவில்லை. அங்கிள் இருபதையும் முடித்தார். கடைசி இரண்டு வாரம் மிகவும் சிரமப்பட்டார், மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் பால் குடித்தார். ஆனால் ஒரு நாளும் தவறவில்லை. தட்டு மட்டும் நாளுக்கு நாள் மெதுவானது. பொட்டலம் வலது கையிலேயே இருந்தது.

ஆண்ட்டி என்னோடு பேச எட்டு நாள் ஆனது. முப்பத்தைந்தாவது நாள், கிளம்பும்போது, கூடத்தில் என்னை நிறுத்தினார். தண்ணீர்ப் போத்தலின் மூடியில் ஒரு சொட்டு ஊற்றி, திருநீற்றைக் குழைத்து, என் நெற்றியில் இழுத்தார். "கொழச்சி வச்சா உதுராது" என்றார். விரலில் மீந்ததைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்து, தன் கழுத்தில் துடைத்துக்கொண்டார்.

கதவில் இப்போது ஏழு இருக்கிறது. ஏழாவதின் வாசகத்தை அக்காதான் சொன்னார்: திருநீறு, வெளியே பூசிக்கொள்ளலாம், உள்ளே கையில் வைத்துக்கொள்ளலாம். மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒட்டி முடித்ததும் அக்கா என் மேசைக்குப் போய் நோட்டை எடுத்தார். பழைய சந்தேகப் பட்டியலைத் தேடிப் பிடித்து, ஐந்தாவது வரியைப் பேனாவால் அழுத்தி அழுத்தி அடித்தார். தாள் கிழிந்துவிட்டது.